பத்தாம் திகதியில் ஒரு மாநாடு: நுவரெலியாவில் நடந்த நிதித்தொழில்நுட்பக் கூடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

2025 ஒக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. இலங்கை மலைநாட்டின் தலவாக்கலை டவுனில் ஒரு ஏ.டி.எம். வாசலில் தொடங்கிய வரிசை பக்கத்துக் கடைகளையும் தாண்டி நின்றது. தேயிலைத் தோட்டங்களில் சம்பள நாள். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான். எதிர்ப்பக்கத்தில் நானும், என்னோடு பஸ்ஸில் வந்த எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தோம். எட்டுப் பேரும் வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் தொழில்நுட்பப் பிரிவை நடத்துகிறவர்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் முதல்நாள் தொடங்கிய மாநாட்டுக்கு வந்தவர்கள்.

வரிசையில் சேருவதா வேண்டாமா என்று ஓரமாக நின்ற ஒரு அம்மா, பட்டன் போனை என்னிடம் நீட்டினார். “பிள்ள, இதுல என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் பாரு. காசு வந்திருச்சா, இல்ல நாளைக்கி வரணுமா?”

குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. சம்பளம் காலையிலேயே கணக்குக்கு வந்துவிட்டது. அதை அந்த அம்மாவுக்குத் தெரிவிப்பதற்கென்றே அனுப்பப்பட்ட செய்தி அது. என் பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். செய்தி அவருடைய வங்கியிலிருந்து வந்திருந்தது. அந்த வாசகத்தை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். சிங்களம் பேசுகிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தெரிந்த தமிழில் “காசு வந்தது, அம்மா” என்றார். “ஸ்துதி மஹத்தயா” என்று சிங்களத்தில் நன்றி சொல்லிவிட்டு அந்த அம்மா வரிசையின் கடைசிக்குப் போனார்.

அந்த எட்டுப் பேர் அந்தத் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வு. மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை அமைத்த குழுவில் நான் இருந்தேன். கொழும்பில் ஒரு நிதிக் கம்பனியின் இணையவழிச் சேவைப் பிரிவில் வேலை. பிறந்தது லிந்துலைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில். வங்கி, ஹோட்டல், தோட்டம் எதன் பெயரையும் இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பணத்தின் தொழில்நுட்பத்தைத் தீர்மானிக்கிறவர்கள் கூடும் மாநாட்டில், அந்தப் பணம் ஒருவர் கைக்கு வந்து சேரும் இடமும் நாளும் நிகழ்ச்சி நிரலுக்குள் இருக்க வேண்டும்.

முதல் வருடம்

மலைநாட்டில் மாநாடு என்றால் நுவரெலியாதான். கொழும்பிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம். ஹட்டன் வழியாக வந்தாலும் சரி, ரம்பொடை வளைவுகளில் ஏறி வந்தாலும் சரி, ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலைதான், லயங்கள்தான். வந்து இறங்கியதும் குளிருக்கு ஒரு கோப்பைத் தேநீர், பதிவு மேசை, கழுத்தில் பெயரட்டை. 2024இல் நாங்கள் நடத்திய முதல் மாநாடும் அப்படித்தான் தொடங்கியது.

உரைகள் தரமானவை. கடன் மதிப்பீட்டில் செயற்கை நுண்ணறிவு, திறந்த வங்கிமுறை, மேகக் கணிமைக்கு மாறுவது, சைபர் பாதுகாப்பு. நம் நாட்டின் சாதனைகளையும் பலர் எடுத்துச் சொன்னார்கள், அதில் மிகையில்லை. 2006இல் காசோலையின் படத்தை வைத்தே தீர்வை முடிக்கும் முறை இங்கே வந்தபோது தெற்காசியாவில் நாம்தான் முதல். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் போகும் செஃப்ட்ஸ் முறை 2015இல் வந்தது. போனில் ஸ்கேன் செய்து பணம் செலுத்த எல்லா வங்கிக்கும் பொதுவான லங்கா கியூ.ஆர். 2018இல் வந்தது. புதிய முயற்சிகளைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துச் சோதித்துப் பார்க்க 2020இல் மத்திய வங்கி ஒரு பரிசோதனைக் களத்தையும் திறந்தது. இவை எல்லாம் ஓடுகிற முறைகள். நம் பிள்ளைகள் கட்டி எழுப்பியவை.

‘எல்லோருக்கும் நிதிச்சேவை’ என்றும் ஓர் அமர்வு இருந்தது. இரண்டாம் நாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்பது நிமிடம். நான்கு பேச்சாளர்கள். நால்வரில் ஒருவருக்கும் தோட்டத்து முகவரி கிடையாது. பேச்சு முழுதும் ஆங்கிலத்தில். பஸ் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டதால் கேள்விக்கும் இடமில்லை. அந்த அமர்வை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையில் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தவர்களின் மகளுக்கே அது உறைக்கவில்லை என்பதை இப்போதும் மனம் ஏற்க மறுக்கிறது.

உறைக்க வைத்தது ஒரு பையன். மண்டபத்தில் தண்ணீர்ப் போத்தல் மாற்றிக்கொண்டிருந்தவன், வட்டவளைப் பக்கம் ஊர். எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது கிட்ட வந்தான். “அக்கா, ஒரு விசயம் கேக்கட்டுமா? அம்மாவோட கணக்குல மாசாமாசம் காசு வெட்டுறாங்க. சின்னத் தொகதான். எதுக்குன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. இங்க இத்தன பேங்க்காரங்க வந்திருக்காங்களே, யார்கிட்ட கேட்டா தெரியும்?”

வங்கிப் புத்தகத்தை போனில் படமெடுத்து வைத்திருந்தான். நான் மூன்று பேரிடம் போனேன். ஒருவர் அழைப்பு நிலையத்துக்குப் பேசச் சொன்னார். இன்னொருவர் அது தன் பிரிவு அல்ல என்றார். மூன்றாமவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். ரெண்டு வாரம் கழித்து நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: குறுஞ்செய்தி அறிவிப்புக்கான கட்டணம். அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வரும் செய்திக்கு மாதம் தவறாமல் காசு போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது மாநாடு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

நிகழ்ச்சி நிரல் யாருடையது

ஏன் அப்படி ஒரு நிரல் அமைந்தது என்று குழுவாக உட்கார்ந்து பேசினோம். அறியாமையைவிடக் கணக்குத்தான் பெரிய காரணமாக இருந்தது. மண்டப வாடகை, அறைகள், பஸ், வெளிநாட்டுப் பேச்சாளரின் விமானச் சீட்டு, ஒலி, ஒளி, சாப்பாடு – இந்தச் செலவில் பங்கேற்பாளர் கட்டணம் ஒரு பங்கைத்தான் தாங்கும். மிச்சம் அனுசரணையாளர்களிடமிருந்து வருகிறது. பெரிய அனுசரணைக்கு ஒரு முதன்மை உரை, அடுத்த நிலைக்குக் குழு விவாதத்தில் ஓர் ஆசனம், அதற்கடுத்ததற்கு வாசலில் ஒரு காட்சிக்கூடம் என்று பட்டியல் போடுவதுதான் வழமை. ஆக, யார் பேசுவது என்பது விற்று முடிந்த பிறகுதான் எதைப் பற்றிப் பேசுவது என்ற கேள்வியே வருகிறது. மென்பொருள் விற்கிறவர் மேடையில் ஏறினால் மென்பொருளைப் பற்றித்தான் பேசுவார். அது அவர் தவறல்ல.

2016இல் தொடங்கிய சிங்கப்பூர் பின்டெக் விழாவுக்குப் பின்னால் அந்த நாட்டின் நாணய அதிகாரசபையே நிற்கிறது. ஒழுங்குவிதியை வகுக்கிறவரே அழைக்கும்போது வருகிறவர்கள் அவருடைய கேள்விகளுக்கு முகம் கொடுத்தாக வேண்டும். எங்கள் அளவிலான கூடலுக்கு அந்த பலம் கிடையாது. எனவே கேள்வியை நாங்களே தேடிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

முதலில் திகதியை மாற்றினோம். தோட்டங்களில் மாதச் சம்பளம் பத்தாம் திகதி. மாநாட்டின் இரண்டாம் நாள் அந்தப் பத்தாம் திகதியில் விழ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். “அன்றைக்கு எங்கள் கிளைகளில் மூச்சுவிட நேரமிருக்காதே” என்று ஒரு வங்கி சொன்னது. அந்த நெரிசலைப் பார்ப்பதற்காகத்தான் அந்த நாள் என்று பதில் எழுதினோம். ஒரு அனுசரணையாளர் விலகிக்கொண்டார். இரண்டு பேர் உரையை விட்டுக்கொடுத்து, பதிலாக ஒரு பிரச்சினையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அது நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பெயர்ப்பலகை எங்கே இருக்க வேண்டும் என்பதைவிட, எதைச் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்ற ஆசை அந்த நிறுவனங்களிலும் இருக்கிறது. நாங்கள்தான் அதுவரை கேட்டுப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குள் போக துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி வேண்டும். அவர் போட்ட நிபந்தனைகள் நியாயமானவை, நாங்கள் இன்னும் சிலதைச் சேர்த்தோம்: படம் எடுக்கக் கூடாது, யாருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கணக்கிலக்கத்தையும் எழுதிக்கொள்ளக் கூடாது, அன்பளிப்பு கொடுக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், ஒரு லயத்து வாசலில் அதைக் கடைப்பிடித்துக் காட்டட்டும் என்பது என் விருப்பம். எட்டெட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைச் சேர்த்தோம்.

மேடைக்கும் புதியவர்கள் வந்தார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலை எழுதும் ஒரு கிளார்க், ஒரு சில்லறைக்கடைக்காரர், கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா. மும்மொழி உரைபெயர்ப்பு ஏற்பாடு செய்தோம். அந்த அக்காவை அழைக்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “அன்னிக்கிப் பேரு போயிருமே, மிஸ்?” என்பதுதான். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு; வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. கொழும்பிலிருந்து வரும் பேச்சாளருக்கு அறையும் வாகனமும் கொடுப்பது எங்களுக்கு இயல்பாகப் பட்டிருந்தது. அப்போது இவருடைய ஒரு நாள் சம்பளமாக இருந்த 1,350 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வரவுசெலவுத் தாளில் ஒரு இடம்கூட இருக்கவில்லை. பேச்சாளர் கொடுப்பனவு என்றே எழுதினோம், மற்றப் பேச்சாளர்களின் வரிசையிலேயே.

சம்பளம் வரும் வழி

பத்தாம் திகதி அதிகாலை ஹோட்டலை விட்டுப் புறப்பட்டோம். பனி விலகாத நேரம். டவுனில் ஏ.டி.எம். வரிசையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு வந்தோம். செக்ரோல் கிளார்க், பழைய செக்ரோல் ஒன்றைப் பெயர்களை மறைத்து மேசையில் விரித்து வைத்திருந்தார்.

காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்து மலைக்கு அனுப்புவது தொடங்கி, கொழுந்து நிறுப்பது, முழுப்பேர், அரைப்பேர் போடுவது, மாதக் கடைசியில் கூட்டிக் கழிப்பது வரை அவர் சொல்லிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை, போட்டிருந்தால் அப்போதைய 1,350 வீதம் 27,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், அதாவது 2,160 ரூபாய், கழியும். மிச்சம் 24,840. அதற்குப் பிறகு சங்கச் சந்தா, கோயில் காசு, முற்பணம் என்று பிடித்தங்கள் தொடரும். தோட்டக் கம்பனி தன் பங்காக 12 சதவீதத்தைச் சேமலாப நிதிக்கும், 3 சதவீதத்தை நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் கட்டுகிறது. அது கைக்கு வராத காசு. எல்லாம் முடிந்தபின் கணக்கிலக்கங்களும் தொகைகளும் கொண்ட ஒரு கோப்பு வங்கிக்குப் போகிறது. மொத்தமாகச் சம்பளம் போட, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஸ்லிப்ஸ் முறைதான் வழக்கம். அது வங்கி வேலை நாட்களில் தொகுதி தொகுதியாக ஓடும்.

“எங்க பக்கம் தப்பு எங்க வரும்னு கேளுங்க சேர்” என்றார் கிளார்க். யாரும் கேட்காத கேள்வியை அவரே போட்டுக்கொண்டு பதிலையும் சொன்னார். கணக்கிலக்கத்தில் ஒரு எண் மாறினால் அந்த ஒரு வரி மட்டும் திரும்பி வரும். ஆபீசுக்கு அது தெரிய ஒன்றிரண்டு நாளாகும். ஆளுக்கு எப்போது தெரியும்? டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, கார்டைப் போட்டு, காசில்லை என்று இயந்திரம் சொல்லும்போது. அதற்குள் பஸ் காசு போயிருக்கும், அன்றைய பேரும் போயிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, தோட்டத்துப் பதிவில் வேறொரு மாதிரி என்று ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. கணக்குத் திறக்கும்போதே அந்தச் சிக்கல் தொடங்கிவிடும். வந்திருந்தவர்களில் ஒருவர் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு மென்பொருளை உருவாக்கும் பெண். ஒரு மணி நேரம் அந்த மேசையை விட்டு அவர் அசையவில்லை.

பிஸ்கட் டின்

லயத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில் கடை. அரிசி, மா, பருப்பு, கருவாடு, வெற்றிலை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி, நூலில் கட்டிய பென்சில். கடைக்காரர் எதையும் ஒளிக்கிற ஆள் இல்லை. கேட்டதும் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்து காட்டினார். உள்ளே வங்கிக் கார்டுகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக. ஒவ்வொன்றோடும் நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள். தாளில் நாலு இலக்கம்.

எங்கள் குழுவில் ஒரு வங்கியின் தகவல் பாதுகாப்புத் தலைவர் இருந்தார். முதல்நாள் மேடையில் இரட்டை அடையாள உறுதிப்பாட்டைப் பற்றி உரையாற்றியவர். அவர் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இத அடகுன்னு நெனச்சிராதீங்க மிஸ்” என்றார் கடைக்காரர். “மாசம் பூரா சாமான் குடுக்குறேன். பத்தாந்தேதி நானே டவுனுக்குப் போயி எடுத்து, என் பாக்கியக் கழிச்சிக்கிட்டு மிச்சத்த கையில குடுத்திர்றேன். அவங்களுக்கும் பஸ் காசு மிச்சம், பேரும் போகாது.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மாநாட்டின் உயிர் இங்கேதான் இருந்தது. இரகசிய இலக்கத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் வருடக்கணக்காக விளம்பரம் செய்கின்றன. இங்கே அந்த இலக்கம்தான் பிணை. வேறு பிணை எதுவும் இவர்களிடம் இல்லை; லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, நகை ஏற்கனவே அடகில் இருக்கும். மாதத்தின் முதல் கிழமையில் அரிசி வாங்க இலக்கத்தைக் கொடுப்பவரை விழிப்புணர்வு இல்லாதவர் என்று சொல்வது அநியாயம். அவர் கையில் இருந்த ஒரே பெறுமதியான பொருளை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். அதே நேரம் இது நல்ல ஏற்பாடும் அல்ல. கார்டைக் கொடுத்தவருக்கு எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை போய்விடுகிறது. விலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் தைரியமும் போய்விடுகிறது. ஒரு நாள் டின்னோ தாளோ வேறு கைக்குப் போனால் வங்கி ஒரு ரூபாயும் திருப்பித் தராது. இலக்கத்தைக் கொடுத்தது நீ என்று முடித்துவிடும்.

கடையில் சாமான் வாங்க வந்திருந்த ஒரு பெண், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். “கார்ட் இங்க இருக்கிறதுதான் எனக்கு நல்லம். வீட்டுல இருந்தா அந்தாளு எடுத்துக்கிட்டுப் போயிருவாரு.” எட்டுப் பேரும் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். கார்டை வாங்கி உரியவரிடம் திருப்பிக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று ஏற்கனவே ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் லங்கா கியூ.ஆர். ஸ்டிக்கர் ஒன்று வெளுத்துப் போய் ஒட்டியிருந்தது. எங்களில் ஒருவர் பிஸ்கட்டும் தண்ணீரும் வாங்கி அதில் பணம் செலுத்தினார். அவர் போனில் வெற்றி என்று வந்தது. கடைக்காரரின் போனுக்குச் செய்தி வரவில்லை. கடை பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் ஒரு கோடு வரும் போகும். அவர் போனைத் தூக்கிக்கொண்டு மேலே வளைவு வரை நடந்து போய்ப் பார்த்தார். அங்கும் வரவில்லை. திரும்பி வந்து பென்சிலை எடுத்து, கொப்பியில் ஒரு வரி எழுதினார். “கொண்டுபோங்க சேர். மெசேஜ் வந்தப்புறம் இந்த வரிய அடிச்சிர்றேன்.”

எழுபது இடம்

பின்னேரம் மண்டபத்துக்குத் திரும்பியதும் உரைகள் இல்லை, மேசைகள் மட்டும். ஒவ்வொரு மேசைக்கும் அன்று பார்த்ததில் ஒரு பிரச்சினை. நான் குறுஞ்செய்தி மேசையில் இருந்தேன்.

தமிழில் ஏன் அனுப்புவதில்லை என்ற கேள்விக்குப் பதில் செலவுதான். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழோ சிங்களமோ ஓர் எழுத்து கலந்தாலும் யுனிகோட் முறைக்கு மாறி அது 70 ஆகச் சுருங்கும். அதைத் தாண்டினால் இரண்டு செய்தி, மூன்று செய்தி என்று கணக்கேறும். அதோடு தமிழின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ‘ப’ ஓர் இடம். ‘பி’, ‘ப்’ இரண்டும் ஆளுக்கு இரண்டு இடம். ஏற்கனவே யாரோ மொழிபெயர்த்து வைத்திருந்த வாசகத்தைத் திரையில் போட்டார்கள்: ‘தங்களது கணக்கில் சம்பளத் தொகை வைப்பிலிடப்பட்டுள்ளது’. எண்ணிப் பார்த்தோம். தொகையும் மீதியும் திகதியும் வரும் முன்னரே 51 இடம் முடிந்துவிட்டது. ‘வைப்பிலிடப்பட்டுள்ளது’ என்ற ஒரு சொல் மட்டும் 21. தமிழில் அனுப்பினால் கட்டுப்படியாகாது என்று தொழில்நுட்பப் பிரிவுகள் சொல்லி வந்ததற்கு இதுதான் ஆதாரம்.

மேடைக்கு அழைத்திருந்த கொழுந்தெடுக்கும் அக்கா எங்கள் மேசையில்தான் இருந்தார். வாசகத்தை நான் வாசித்துக் காட்டினேன். “இது கோர்ட்டுக் காயிதம் மாதிரி இருக்கே. சம்பளம் வந்தது, மீதி இவ்வளவுன்னு போட்டா எங்களுக்கு வெளங்காதா?” என்றார். காலையில் அந்த வங்கி அதிகாரி தெருவில் நின்று சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாசகம். எழுதினோம்:

சம்பளம் ரூ 24,350 வந்தது. மீதி ரூ 24,910. 10/10

நாற்பத்தேழு இடம். ஒரே செய்தி, ஆங்கிலச் செய்திக்கு ஆகும் அதே செலவு. வங்கியின் பெயர் அனுப்புநர் இடத்தில் தானாகவே வரும். அதிகாரி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தமிழில் எழுதினால் மட்டும் எல்லோருக்கும் போய்ச் சேராது என்பதையும் அதே அக்காதான் சொன்னார். தன் மாமியாருக்கு எந்த மொழியும் வாசிக்க வராது என்றார். குரல் அழைப்பாக அனுப்பலாமா என்று பேச்சு போனது, முடிவாகவில்லை.

சிக்னல் இல்லாத கடையைப் பற்றிய மேசையில் சூடான விவாதம் நடந்தது. ஸ்மார்ட்போன் இல்லாமலே காசு அனுப்புவது புதிதல்ல. கென்யாவில் எம்-பெசா 2007லேயே சாதாரண போனில் ஓடியது. இங்கேயும் 2012இல் வந்த ஈசி கேஷ், பட்டன் போனில் இலக்கம் அழுத்தியே வேலை செய்தது. ஆனால் அவற்றுக்கும் சிக்னல் வேண்டும். இணைப்பே இல்லாத இடத்துக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் ஒரு விதிமுறை வெளியிட்டது. அப்போது ஒரு தடவைக்கு 200 இந்திய ரூபாய், மொத்தம் 2,000 என்று வரம்பு வைத்து, இணைப்பு வந்தபின் கணக்கைச் சரிசெய்துகொள்ள இடம் கொடுத்தது. சிறு தொகைக்கு அந்த அளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதே அதன் அடிப்படை. கடைக்காரர் உரைபெயர்ப்புக் கருவியைக் காதில் வைத்து முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அததான் நான் கொப்பியில செய்றேன்.” அவர் சொன்னது சரி. யாருக்கு எவ்வளவு வரை எழுதலாம், எப்போது அடிக்கலாம் என்ற வரம்பும் தீர்வும் அந்தக் கொப்பிக்குள் ஏற்கனவே இருக்கின்றன.

ஒவ்வொரு மேசையும் ஒரே ஒரு பொறுப்பை எழுதி, பெயர், திகதியோடு பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நாலு தாள் ஒட்டப்பட்டது: தமிழ்க் குறுஞ்செய்தி, சம்பளக் கணக்குகளுக்கு அறிவிப்புக் கட்டணத்தை நீக்குவது, திரும்பி வந்த சம்பள வரியை அன்றே தோட்டத்துக்கும் ஆளுக்கும் தெரிவிப்பது, கார்டை வாங்கி வைக்காமல் கடைப் பாக்கியைத் தீர்க்க ஒரு வழி.

நவம்பர்

ஏழு கிழமை கழித்து, 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை எங்கும் மண்சரிவு. எத்தனையோ உயிர்கள், எத்தனையோ லயங்கள். ரோடு அறுந்தது, கரண்ட் போனது, போன் கோபுரங்கள் அடங்கின. எங்கள் வீட்டுக்கே மூன்று நாளாகப் பேச முடியவில்லை. அந்த நாட்களைப் பற்றி இந்த ஆய்வில் நான் அதிகம் எழுத மாட்டேன். அது தனியாக, வேறு விதமாக எழுதப்பட வேண்டியது. எங்கள் விடயத்தோடு தொட்டதை மட்டும் சொல்கிறேன்.

டிசம்பரில் ரோடு திறந்ததும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கடை தப்பியிருந்தது. ரோடு மூடியிருந்த நாள் முழுதும் கடைக்காரர், வந்தவர் எல்லோருக்கும் இருந்த அரிசியையும் மாவையும் பகிர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நாட்களில் அந்த லயங்களுக்கு ஓடிய ஒரே கொடுப்பனவு முறை அந்தக் கொப்பிதான். நாங்கள் மண்டபத்தில் நம்பகத்தன்மை, மாற்று ஏற்பாடு, பேரிடர் மீட்சி என்று பேசும்போது மனதில் இருப்பது தரவு மையம். இங்கே முகப்பிலிருந்து கடைசிக் கண்ணி வரை எல்லாம் போனபின் மிஞ்சியது ஒரு பென்சில்.

பலகையில் ஒட்டிய தாள்களின் நிலையை எழுதுகிறேன். தமிழ்க் குறுஞ்செய்தி நடந்தது: ஜனவரிச் சம்பளத்திலிருந்து அந்த வங்கி, விரும்பிக் கேட்டவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. மொழியைத் தெரிவு செய்யக் கிளைக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். செக்ரோல் கிளார்க் ஆபீசிலேயே பட்டியல் எடுத்துக் கொடுத்து அதைத் தாண்ட வைத்தார். கட்டணத்தை நீக்குவது நடக்கவில்லை. வங்கியின் பணிப்பாளர் சபைக்குப் போய், ஒத்திவைக்கப்பட்டு நிற்கிறது. வட்டவளைப் பையனிடம் இதை நான் மறைக்கவில்லை. அவன் அம்மாவின் கணக்கில் அந்த அறிவிப்பையே நிறுத்த வைத்துவிட்டோம், அது தீர்வல்ல என்பது இருவருக்கும் தெரியும். திரும்பி வந்த சம்பள வரியைப் பற்றிய வேலை பாதியில் இருக்கிறது. அடையாளச் சரிபார்ப்பு மென்பொருள் எழுதும் அந்தப் பெண் இரண்டு தடவை தனியாக வந்து, தமிழ்ப் பெயர்களின் எழுத்து வேறுபாடுகளைக் கிளார்க்கோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

கடைப் பாக்கி மேசைதான் அதிகம் கஷ்டப்படுகிறது. சம்பளம் வந்ததும், கணக்குக்காரர் முன்கூட்டியே சம்மதித்த ஒரு தொகை மட்டும் கடைக்காரரின் கணக்குக்குத் தானாகப் போகும் ஏற்பாடு ஒன்றைச் சின்ன அளவில் பரீட்சிக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாலு கார்டு டின்னை விட்டு வெளியே வந்திருக்கிறது. கடையில் இருப்பதே நல்லம் என்று சொன்ன பெண் சேரவில்லை. அவருக்கு ஏற்ற வழி எங்களிடம் இன்னும் இல்லை. கணவருக்குத் தெரியாத ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று அவர் கேட்கிறார். செய்தி வரும் போனோ அந்த ஆளின் கையில்.

போன தடவை போயிருந்தபோது கடைக்காரர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “மிஸ், சிக்னல் இல்லாத நாள்ல ஒங்க போன் எனக்காக எழுதி வச்சுக்குமா?” அடுத்த மாநாட்டின் முதல் நாள், முதல் அமர்வுக்கு அந்தக் கேள்வியையே தலைப்பாகப் போட்டிருக்கிறோம். நேரம் ஒன்றரை மணித்தியாலம். அந்த அமர்வை அனுசரணைக்கு விற்கவில்லை.